நிலைமையைப் பொறுத்து

மார்ச் 2

என் நாய் பொட்டுவுக்குச் சிறுநீரகக் கோளாறு. இரத்தத்தில் தேங்கும் கழிவான கிரியேட்டினின் 6.8.

மார்ச் 3

மதிப்பீட்டுத் தாள் ஒரே பக்கம்தான். அறை வாடகை, நரம்பு வழித் திரவம், வாந்திக்கு ஊசி, இரத்தப் பரிசோதனை இரண்டு முறை, வயிற்று ஸ்கேன். மூன்று நாளுக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சற்றுக் குறைவு. கடைசி வரியில் மட்டும் எண் இல்லை: "தொடர் சிகிச்சை: நிலைமையைப் பொறுத்து."

பாதியை முன்பணமாகக் கட்டச் சொன்னார்கள். கார்டைத் தேய்த்துவிட்டுக் காத்திருந்த சில நொடிகளில், பணம் போகாவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். போகாவிட்டால் நல்லது என்றும் ஒரு நினைப்பு ஓடியது. அதையும் இங்கே எழுதி வைக்கிறேன். எழுதாமல் விட்டால் நாளைக்கு அப்படி நினைக்கவே இல்லை என்று சாதிப்பேன்.

மார்ச் 4

பொட்டுவின் முன்னங்காலில் ஊசிக்காக முடியை மழித்திருக்கிறார்கள். அடியில் தோல் இவ்வளவு வெளுப்பு என்று பதின்மூன்று வருடமாக எனக்குத் தெரியாது.

கடந்த சில மாதங்களாக அவள் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு இரண்டு முறை நிரப்பும் கிண்ணத்தை நான்கு முறை நிரப்பினேன். "நல்ல பிள்ளை, எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாள் பார்" என்று பாராட்டினேன். பாராட்டினேன்! சிறுநீரகத்தால் சிறுநீரை அடர்த்தியாக்க முடியாமல் போகும்போதுதான் நாய் அப்படிக் குடிக்குமாம். வெளியே போகிற நீரை ஈடுகட்டக் குடிக்கிறது. மருத்துவர் சொல்லும்போது நான் சுவரிலிருந்த தடுப்பூசி அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறுநீரகம் நான்கில் மூன்று பங்கு செயலிழந்த பிறகுதான் கிரியேட்டினின் உயரத் தொடங்கும் என்றும் சொன்னார். அப்படியானால் முன்பே பார்த்திருந்தாலும் தெரிந்திருக்காதா என்று கேட்டேன். "எஸ்டிஎம்ஏ என்று ஒரு பரிசோதனை இருக்கிறது, அது கொஞ்சம் முன்னதாகவே காட்டும்" என்றார். இரண்டு வருடத்துக்கு முன் வருடாந்தரப் பரிசோதனைப் பட்டியலில் அது இருந்தது. பணம் மிச்சம் என்று அடித்துவிட்டவள் நான்தான். பேனா நீல நிறம்.

மார்ச் 5

5.4! குறைந்திருக்கிறது.

(மாலை) குறைந்ததற்குச் சந்தோஷப்படக் கூடாதாம். உடம்பு வறண்டிருக்கும்போது எடுத்த எண் பாதி பொய். நீர்ச்சத்து ஏறிய பிறகு எடுப்பதுதான் நோயின் கட்டத்தைச் சொல்லும். 5க்கு மேல் என்றால் நான்காவது கட்டம். ஐந்தாவது கட்டம் என்று ஒன்று இல்லை.

மார்ச் 6

வீட்டுக்கு வந்தாயிற்று. கணக்கு:

அதற்குத் தினமும் தோலுக்கடியில் 250 மி.லி. திரவம் ஏற்ற வேண்டும். ஒரு பை 500. இரண்டு நாளைக்கு ஒரு பை, மாதத்துக்குப் பதினைந்து. மருத்துவமனையில் போட்டால் ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம், போக வர வண்டிச் செலவு. நானே போடக் கற்றுக்கொண்டால் பையும் ஊசியும் மட்டும். அதன் சிறப்பு உணவு ஒரு மூட்டை ஒரு மாதம் வரும், அது சாப்பிட்டால். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மருந்து. வாந்தி மாத்திரை. வாரம் ஒரு இரத்தப் பரிசோதனை வேண்டும் என்கிறார்கள்.

எப்படிக் கூட்டினாலும் வாடகைக்கு முன்னால் முடிந்துவிடுகிறது.

மார்ச் 7

முதல் ஊசி. தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைத் தூக்கிக் கூடாரம் போலப் பிடிக்க வேண்டும். அந்தக் கூடாரத்துக்குள் ஊசி போக வேண்டும். போயிற்று. மறுபக்கம் வெளியேயும் வந்துவிட்டது. திரவம் முதுகெல்லாம் வழிந்து பாயை நனைத்தது. எனக்கு முதலில் தோன்றியது 'வலித்திருக்குமோ' என்பதல்ல, 'ஐம்பது மில்லி வீண்' என்பதுதான்.

இரண்டாம் முறை சரியாகப் போயிற்று. தோளில் ஒரு திமில் எழுந்தது. இரவுக்குள் அது முன்னங்கால் பக்கமாகச் சரிந்து கரைந்துவிட்டது. பையை ஜன்னல் கொக்கியில் மாட்டுகிறேன். ஏற்றுவதற்கு முன் வெந்நீரில் சற்று நேரம் வைத்து, கைக்கு இதமான சூடானதும் எடுக்க வேண்டும். குளிர்ந்த திரவம் போனால் நடுங்குவாள்.

மார்ச் 8

இரண்டு கிண்ணம் குடித்தாள். பாதிக் கிண்ணம் உணவு.

மார்ச் 9

அண்ணன் வந்திருந்தான். திமிலைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். "பதின்மூன்று வயது. இதற்கு மேல் செய்வதெல்லாம் வீண் செலவு. அம்மா கண் ஆபரேஷனுக்கு நீ எவ்வளவு தந்தாய் என்று யோசித்துப் பார்" என்றான்.

யோசித்தேன். அவன் சொன்னதில் தப்பில்லை என்பதால்தான் அவனோடு சாப்பிட உட்காரவில்லை.

போகும்போது அவள் தலையைத் தடவிவிட்டுத்தான் போனான். வாயிலிருந்து வரும் அந்த அமோனியா வாடைக்கு நான் பழகிவிட்டேன் என்று அவன் மூக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

மார்ச் 11

பழைய பக்கங்களைப் புரட்டினேன். 6ஆம் தேதி முழுக்க 'அது' என்று எழுதியிருக்கிறேன். மற்ற எல்லா நாளும் 'அவள்'. வேண்டுமென்று எழுதவில்லை. கூட்டல் கழித்தலில் இறங்கியதும் பேனா தானாகவே அவளை அஃறிணைக்கு மாற்றியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இலக்கணத்தில் எனக்கு எப்போதும் நல்ல மதிப்பெண்தான்.

மார்ச் 12

எதிலெல்லாம் செலவைக் குறைக்கலாம் என்று கேட்கக் கற்றுக்கொண்டேன். கேட்கும்வரை யாரும் சொல்வதில்லை. வாந்தி மாத்திரையில் இருப்பது மனிதர்களுக்குக் கொடுக்கிற அதே ஒண்டான்செட்ரான். சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு சாதாரண மருந்துக் கடையில் வாங்கினால் மலிவு. அளவை மட்டும் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். (வீட்டில் கிடக்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று இருமுறை எச்சரித்தார். இபுப்ரோஃபென் போன்றவை இருக்கிற சிறுநீரகத்தையும் கொன்றுவிடும்.)

பிறகு ஒரு கேள்வி. நேற்றிரவு முழுதும் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "டாக்டர், இந்த வாரப் பரிசோதனையில் எண் கூடினாலும் குறைந்தாலும் நாம் செய்யப்போவது மாறுமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "மாறாது."

"அப்படியானால் வேண்டாம்."

"சரி" என்றார். கோபமில்லை. நிம்மதி போலக்கூட இருந்தது. அவருக்கும் இந்தத் தாள்களை நீட்டுவது பிடித்த வேலையாக இருக்காது.

மார்ச் 13

அலிஸ் வில்லலோபோஸ் என்ற கால்நடை மருத்துவர் 2004இல் வகுத்த அளவுகோல் ஒன்று. வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் அதிகமா என்பது. ஏழுக்கும் பத்துக்குப் பத்து. மொத்தம் 70. 35ஐத் தாண்டினால் இருக்கும் வாழ்க்கை வாழத் தகுந்தது என்று தொடரலாம்.

வலி 6, பசி 3, நீர்ச்சத்து 6 (அது என் மதிப்பெண், அவளுடையதல்ல), சுத்தம் 6, மகிழ்ச்சி 4, நடமாட்டம் 5, நாட்கள் 4. மொத்தம் 34.

மகிழ்ச்சியை 6 ஆக்கினேன். நேற்று வாசலில் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்தாளே. 36.

ஏழு கட்டங்களில் பணத்துக்கு ஒன்று இல்லை. இருந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் மற்ற ஏழிலும் அது ஒளிந்திருக்கிறது. பசி 3 என்றால் பசியைத் தூண்டும் மாத்திரை வாங்கி 5 ஆக்கலாம். நீர்ச்சத்தை மருத்துவமனையில் வைத்து 9 ஆக்கலாம். என் 34 இன்னொருவருக்கு 42.

மார்ச் 14

சாப்பிடவில்லை.

மார்ச் 16, பின்னிரவு

வளர்ப்புப் பிராணிகளுக்கான காப்பீடு பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் கிடைக்காது. தெரிந்துதான் படிக்கிறேன். தெரிந்ததையே படித்துக்கொண்டிருப்பது ஒரு விதத் தூக்கம்.

அலுவலகத்தில் ஒருத்தி, "இணையத்தில் நிதி திரட்டலாமே, படம் போட்டால் மனம் இரங்குவார்கள்" என்றாள். நல்ல எண்ணம்தான். எந்தப் படத்தைப் போடுவது? மழித்த காலோடு இருப்பதையா? இதைவிடப் பரிதாபமாக ஒன்று எடுங்கள் என்று யாராவது சொல்வார்களோ? வேண்டாம். இது ரோஷமா, சோம்பலா என்று பிரித்துப் பார்க்கும் நேரமல்ல இது. மணி இரண்டே முக்கால்.

அவளும் விழித்திருக்கிறாள். நீல பேனாவை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 18

நாக்கின் ஓரத்தில் புண். அதனால்தான் கிண்ணத்துக்குப் போய் முகர்ந்துவிட்டுத் திரும்புகிறாள். இரத்தத்தில் தேங்கும் கழிவுதான் வாயைப் புண்ணாக்குகிறது. இதுவரை பசியில்லை என்று நினைத்துத் திட்டியிருக்கிறேன். கொஞ்சியும் திட்டியும்.

எடை 16.4. மூன்று மாதத்துக்கு முன் 21.

மீண்டும் மூன்று நாள் உள்ளே வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். புதிய மதிப்பீட்டுத் தாள். கடைசி வரி அதே வரி. "வைத்தால் எத்தனை நாள் கிடைக்கும்?" என்று கேட்டேன். "சில நாட்கள். சில வாரமும் இருக்கலாம். அந்த நாட்களில் பாதி இங்கே கூண்டில் போகும்." தாளை மடித்து வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 19

மதிப்பெண் போடவில்லை.

மார்ச் 20

'தூங்க வைத்துவிடலாம்' என்ற சொல்லை அவரும் சொல்லிவிட்டார். தினமும் தூங்கத்தானே செய்கிறாள், அதற்கு நீங்கள் எதற்கு என்று எரிச்சல் வந்தது. பத்திரிகைகளில் கருணைக்கொலை என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லில் பின்பாதிதான் என் காதில் விழுகிறது.

எப்படி நடக்கும் என்று விவரமாகக் கேட்டேன். முதலில் மயக்க ஊசி. சில நிமிடங்களில் அயர்ந்துவிடுவாள். பிறகு நரம்பில் மயக்க மருந்தையே மிக அதிக அளவில் செலுத்துவார்கள். மூச்சு நிற்கும், இதயம் நிற்கும், ஓரிரு நிமிடத்துக்குள். கண் மூடாது. நின்ற பிறகும் ஒன்றிரண்டு முறை மூச்சு இழுப்பது போலத் தெரியலாம், உயிர் அல்ல. சிறுநீர் பிரியலாம். "முன்பே தெரிந்திருந்தால் பயப்பட மாட்டீர்கள்" என்றார். சரியான மனிதர்.

கட்டணத்தைக் கேட்டேன். உள்ளே வைக்கும் ஒரு நாள் செலவை விடக் குறைவு.

மார்ச் 21

ஒரு நாளை விடக் குறைவு.

இதை எத்தனை பக்கமாகத் திருப்பினாலும் அதே இடத்தில் வந்து நிற்கிறது. அவளுக்கு நல்லது எதுவோ அதுவே எனக்கு மலிவானதாகவும் இருக்கிறது. நல்லது விலை கூடியதாக இருந்து, நான் கடன் வாங்கி அதைச் செய்திருந்தால், அன்பினால் செய்தேன் என்று தெரிந்திருக்கும். இப்போது எதைக் கொண்டு தெரிந்துகொள்வது? என் கையில் பணம் கொட்டிக் கிடந்திருந்தால் இதே நாளில் இதே முடிவை எடுத்திருப்பேனா? எடுத்திருப்பேன் என்கிறேன். ஒரு வாரம் கழித்து எடுத்திருப்பேன் என்றும் தோன்றுகிறது. அந்த ஒரு வாரம் அவளுக்கு வரமா தண்டனையா என்று கேட்டால், புண்ணான நாக்கோடு ஏழு நாள். தண்டனைதான். அப்படியானால் பணம் இல்லாதது அவளை ஒரு வாரத் தண்டனையிலிருந்து காப்பாற்றியதா? இப்படி எழுதும்போதே என் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. வக்கீல் மாதிரிப் பேசுகிறேன்.

அண்ணனிடம் தொலைபேசியில் சொன்னேன். 'வீண் செலவு மிச்சம்' என்பான் என்று காத்திருந்தேன், சண்டை போடலாமே என்று. "எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

மார்ச் 22

நாளை பதினொன்று. பணத்தை இன்றே கட்டிவிடச் சொன்னார்கள், முடிந்த பிறகு கவுண்டரில் நிற்க வேண்டாமே என்று. ரசீதில் 'நோயாளி: பொட்டு'. கையில் பணம் மீந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு பை திரவம் வாங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 23

எட்டு மணிக்கே அண்ணன் வந்துவிட்டான். அவன் குரல் கேட்டு அவள் தலையைத் தூக்கினாள், எழவில்லை.

பழக்க தோஷத்தில் பையை வெந்நீரில் வைத்திருக்கிறேன். அவன் வந்து பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது. பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வீண் என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"எங்கே மாட்டுவாய்?" என்றான்.

ஜன்னல் கொக்கியைக் காட்டினேன். அவள் வாசல் பக்கம் படுத்திருக்கிறாள், குழாய் அவ்வளவு தூரம் எட்டாது. நகர்த்த மனம் வரவில்லை. பையைத் துடைத்து அவன் கையில் கொடுத்தேன். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

தோலைத் தூக்கினேன். ஊசி ஒரே முறையில் போயிற்று. 250