ரொமான்டிக் கால ஓவியத்தில் பக்தி: கோடுகளைப் பார்த்துப் படியுங்கள்

கலை வரலாறு முதுகலைக்குப் படிப்பவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த இந்த ரொமான்டிக் கால ஓவியப் பாடத்துக்கு எழுதும் விடைகளில் முதல் பாதி பக்தியும் அடுத்த பாதி வரைநுட்பமுமாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படிப் பிரித்தால் பாடமே கைநழுவிவிடும். இந்த ஓவியர்கள் கும்பிட்டதும் வரைந்ததும் ஒரே கையால்தான்.

நாசரேனியர்கள் என்று பின்னால் பெயர் பெற்ற ஜெர்மன் மொழி பேசும் பக்தி ஓவியர்களிடமிருந்து தொடங்குங்கள். 1809இல் வியன்னாவில் ஓவர்பெக், ஃபோர் முதலான மாணவர்கள் தங்கள் கலைக்கழகத்தின் பயிற்சி பிடிக்காமல், ஓவியர்களின் காவலராகக் கருதப்படும் புனித லூக்காவின் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறுவருடம் ரோமுக்குப் போய், ஆளில்லாமல் கிடந்த சான் இசிதோரோ மடத்தில் தங்கினார்கள். மாடலுக்கு ஆள் தேடாமல் ஒருவருக்கொருவர் அங்கி போர்த்தி நின்று வரைந்தார்கள். ஃபோர் 1812இல் இளம் வயதிலேயே இறந்துபோனார். இவ்வளவு வரலாறு போதும். நேரத்தைப் பென்சிலுக்குக் கொடுங்கள்.

ஆமாம், பென்சில்தான். இரு நாடுகளுக்கும் நடந்த போரால் இங்கிலாந்தின் நல்ல கிராஃபைட் (பென்சிலின் கரும்பொருள்) பிரான்சுக்கு வராமல் போனபோது, கிராஃபைட் தூளைக் களிமண்ணோடு கலந்து சுடும் முறைக்கு 1795இல் பிரெஞ்சுக்காரரான கோன்டே காப்புரிமை பெற்றார். களிமண் கூடக்கூடப் பென்சில் கடினமாகும். ஊசிபோலச் சீவலாம், கோடும் மெலிதாக விழும். டியூரர், இளம் ரஃபேல் என்ற பழைய ஓவிய மேதைகளை ஆதர்சமாகக் கொண்ட நாசரேனியர்களுக்கு இது தோதான கருவி.

பார்த்து வரையாமல் இந்தப் பகுதி பிடிபடாது என்பது என் அனுபவம். நாசரேனியர்களில் ஒருவரான ஷ்னோர் ஃபான் கரோல்ஸ்ஃபெல்ட் ரோமில் வரைந்த நண்பர்களின் முகங்களில் ஒன்றைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, 2எச் என்ற கடினமான பென்சிலால் வரைந்து பார்த்தேன். கன்னத்தின் விளிம்பு முழுவதும் ஒரே கோடு. எங்கும் அழுத்தம் கூடவில்லை. நிழலைத் தேய்த்துக் கொண்டுவரவில்லை, பக்கம்பக்கமாக மெல்லிய கோடுகள்தான். கை கொஞ்சம் அவசரப்பட்டாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடுகிறது. தன் கைத்திறமையைக் காட்டிக்கொள்ளாமல் ஒதுங்கி நிற்பதைத்தான் இவர்கள் பக்தி என்று எண்ணியிருக்க வேண்டும். வரைந்த பிறகே எனக்கு அப்படித் தோன்றியது.

அப்புறம் இங்கிலாந்தின் சாமுவேல் பால்மரை எடுங்கள். 1825இல், இருபது வயதில், அவர் பழுப்பு மையில் வரைந்த ஆறு நிலக்காட்சிகள் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மையில் வேலம்பிசின் கலந்து, மேலே வார்னிஷும் பூசியிருக்கிறார். அவற்றில் ஒன்று விளைந்த பயிர் நிறைந்த பள்ளத்தாக்கு. அந்தத் தலைப்பே 65ஆம் சங்கீதத்திலிருந்து வந்தது. கதிர்களுக்கு நடுவே ஒருவர் சாய்ந்து புத்தகம் படிக்கிறார், மேலே முழுநிலா. தேவதையோ சிலுவையோ இல்லை. ஆனால் ஒவ்வொரு இலைக்கும் தண்டுக்கும் கதிருக்கும் தனித்தனிப் புள்ளியும் கீறலும் உண்டு. படைப்பில் எதையும் விட்டுவிட மனமில்லாத கை அது. எனக்கு நாசரேனியர்களைவிட இவர்மேல்தான் பிரியம் அதிகம்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே நல்ல விடை கிடைத்துவிடும்: ஒன்றில் கோடு அடங்குகிறது, இன்னொன்றில் பெருகுகிறது, இரண்டுமே வழிபாடு. இடம் இருந்தால் ஜெர்மன் நிலக்காட்சி ஓவியர் ஃப்ரீட்ரிக்கையும் சேருங்கள். 1805இல் கவிஞர் கெதே ஜெர்மனியின் வைமார் நகரில் முன்னின்று நடத்திய ஓவியப் போட்டியில் அவருக்குப் பரிசு கிடைத்தது செப்பியா ஓவியங்களுக்கு. செப்பியா என்பது கணவாய் மீனின் மை.

ஒரு எச்சரிக்கை. எல்லோரையும் கத்தோலிக்கர் என்று எழுதிவிடாதீர்கள். ஓவர்பெக் 1813இல் கத்தோலிக்கத்துக்கு மாறினார். 240 மரச்செதுக்குப் படங்களில் பைபிளைத் தந்த ஷ்னோர் லூத்தரனாகவே இருந்தார். முன்பின் பார்க்காத படத்தைக் கொடுத்து எழுதச் சொன்னால், எதனால் வரையப்பட்டது, கோடு என்ன செய்கிறது என்பதை முதலில் எழுதுங்கள். மதத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பின்னால் வரட்டும்.