பிளைவுட் பலகையில் 63 அட்டைகள்: தனிம அட்டவணையைக் கையால் அடுக்கிப் பார்த்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு நடு அறைச் சுவரில் இப்போது ஒரு பிளைவுட் பலகை தொங்குகிறது. பலகை முழுக்க ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் ஓர் அட்டை. 1869-இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் கையில் இருந்த விவரங்களை மட்டும் வைத்துக்கொண்டு தனிம அட்டவணையை நாமே அடுக்க முடிகிறதா என்று பார்ப்பதுதான் திட்டம். அது ஒருவழியாக முடிந்தது. ஆனால் வேலை அங்கே நிற்காமல் அணுவுக்குள் போய்விட்டது.

நான் செம்பனைத் தோட்டத்தில் ஸ்டோர் கிராணி, அதாவது கிடங்கு எழுத்தர். பொட்டாசியம் குளோரைடு, மெக்னீசியத்துக்குக் கீசரைட், ராக் பாஸ்பேட், போரேட், காப்பர் சல்பேட் என்று நாள் முழுக்கத் தனிமங்களை மூட்டை மூட்டையாக எண்ணுகிறவன். அண்ணன் மகள் படிவம் நான்கு. அவளுடைய வேதியியல் புத்தகத்தில் 118 கட்டங்களும் வண்ணம் பூசி, முடித்த கோலமாக அச்சாகியிருக்கின்றன. "யாரு சித்தப்பா இதை இப்படி அடுக்கச் சொன்னா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. புத்தகத்தில் அதற்குப் பதில் அரைப் பக்கம்தான்.

பழைய நாள்காட்டி அட்டைகளை வெட்டி, அன்றைக்குத் தெரிந்திருந்த 63 தனிமங்களுக்கும் ஆளுக்கொன்று செய்தோம். முன்பக்கம் பெயரும் அன்று ஒத்துக்கொண்டிருந்த அணு எடையும். பின்பக்கம் ஆக்சைடின் வாய்பாடு, தண்ணீரில் போட்டால் என்ன ஆகும், உலோகமா இல்லையா என்ற விவரங்கள். அணு எண்ணை எங்கும் எழுதவில்லை. அன்றைக்கு அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

முதலில் ஜெர்மன் வேதியியலாளர் டோபரைனரின் மும்மைகள், அதாவது குணம் ஒத்த மும்மூன்று தனிமங்கள். 1829-இல் அவர் வெளியிட்ட கணக்கு இது. லித்தியம் 7, பொட்டாசியம் 39, கூட்டிப் பாதியாக்கினால் 23, அதுதான் சோடியம். குளோரின் 35.5, அயோடின் 127, நடுவில் 81, புரோமின் 80. பிள்ளைக்கு இது மந்திரம் போல் இருந்தது. எல்லா அட்டையையும் மூன்று மூன்றாகச் சேர்க்கப் பார்த்தாள். நாலைந்து குழுவுக்கு மேல் போகவில்லை.

அப்புறம் எடை வரிசை. ஹைட்ரஜனைத் தனியே வைத்துவிட்டு லித்தியத்திலிருந்து ஃபுளோரின் வரை ஏழு, கீழே சோடியத்திலிருந்து குளோரின் வரை ஏழு. மேலும் கீழும் அழகாகப் பொருந்துகின்றன. 1865-இல் ஆங்கிலேய வேதியியலாளர் நியூலண்ட்ஸ் கண்டது இதைத்தான்; எட்டாவது தனிமம் முதலாவதைப் போலவே இருக்கிறது என்றார். மறு ஆண்டு லண்டன் வேதியியல் கழகக் கூட்டத்தில் ஒருவர், "அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீர்களா?" என்று கிண்டலாகக் கேட்டாராம். கேட்டது அநியாயம்தான், ஆனால் நியூலண்ட்ஸின் அட்டவணையில் ஒரு கோளாறும் இருந்தது. இடைவெளி விடவே அவருக்கு மனம் வரவில்லை. கட்டங்கள் நிரம்ப வேண்டும் என்பதற்காக ஒரே கட்டத்தில் இரண்டு தனிமங்களைத் திணித்தார். கோபால்ட்டும் நிக்கலும் போய் ஃபுளோரின், குளோரின் குடும்பத்தில் உட்கார்ந்துகொண்டன.

எங்கள் பலகையிலும் சிக்கல் அதே இடத்தில்தான் வந்தது. பொட்டாசியம் 39, கால்சியம் 40, அடுத்த அட்டை டைட்டானியம் 48. வரிசைப்படி வைத்தால் அது அலுமினியத்துக்குக் கீழே வருகிறது. அட்டையைத் திருப்பினால் ஆக்சைடு சிலிக்கானுடையதைப் போல ஒன்றுக்கு இரண்டு ஆக்சிஜன். ஆக, அது அலுமினியம் வீட்டுப் பிள்ளை இல்லை. ஓர் ஆணியைக் காலியாக விட்டு அடுத்ததில் மாட்டினோம். துத்தநாகம் 65 முடிந்ததும் அடுத்தது ஆர்சனிக் 75. அதன் குணம் பாஸ்பரஸ் போல. எனவே இரண்டு ஆணி காலி. மெண்டலீவும் இதே மூன்று இடங்களில் ஓட்டை விட்டார். 1871-இல் அவற்றுக்கு எகா-போரான், எகா-அலுமினியம், எகா-சிலிக்கான் என்று பெயரிட்டு, எடை 44, 68, 72 இருக்கும் என்றும் சொல்லிவிட்டார். ஸ்காண்டியம் 1879-இலும் காலியம் 1875-இலும் ஜெர்மானியம் 1886-இலும் கிடைத்தன.

இதில் எனக்குப் பிடித்தது காலியம் கதை. பிரான்சில் அதைக் கண்டெடுத்த லெக்கோக் த புவாபோத்ரான் அடர்த்தியை அளந்து 4.7 என்றார். அந்தப் பொருளைக் கண்ணாலும் பார்க்காத மெண்டலீவ், 5.9 வரவேண்டும், தூய்மைப்படுத்தி மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தார்கள், 5.9 வந்தது. இந்தத் துணிச்சலுக்காகவே ஆன்லைனில் ஒரு சின்னக் குப்பி காலியம் வாங்கினேன். அதன் உருகுநிலை 29.8 பாகை. எங்கள் ஊர் மதிய வெயிலுக்குக் குப்பிக்குள் பாதரசம் போல் ஆடுகிறது. ராத்திரி குளிர்ந்தாலும் சட்டென்று இறுகாது. ஐஸ்பெட்டியில் வைத்தால்தான் வழிக்கு வரும்.

ஓட்டை விடுவதைவிடத் துணிச்சலான வேலை எடையையே திருத்துவது. பெரிலியத்தின் ஆக்சைடு அலுமினியத்தினுடையதைப் போன்றது என்று நினைத்து அதன் எடையை 14 என்று பலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 14-இல் நைட்ரஜன் உட்கார்ந்திருக்கிறது, அங்கே இன்னொரு நாற்காலி கிடையாது. மெண்டலீவ் ஆக்சைடின் வாய்பாட்டை மெக்னீசியத்தினுடையதைப் போல மாற்றினார். எடை 9.4 ஆனது. லித்தியத்துக்கும் போரானுக்கும் நடுவே காலியாக இருந்த இடம் நிரம்பியது.

டெல்லூரியத்தில் மட்டும் அவர் கணக்கு பலிக்கவில்லை. எடைப்படி பார்த்தால் அயோடின் முன்னால், டெல்லூரியம் பின்னால் வரவேண்டும். குணமோ நேர்மாறு. மெண்டலீவ் குணத்தை நம்பி அட்டைகளை மாற்றி வைத்தார், அது சரி. ஆனால் டெல்லூரியத்தின் எடையை யாரோ தவறாக அளந்திருக்கிறார்கள் என்றும் நினைத்தார். யாரும் தவறாக அளக்கவில்லை. இன்றைய அளவிலும் டெல்லூரியம் 127.6, அயோடின் 126.9. பின்னால் 1894-இல் ஆர்கான் வந்தபோது அதுவும் பொட்டாசியத்தைவிடக் கனமாக இருந்தது. எடை இல்லையென்றால், வரிசையை வேறு ஏதோ ஒன்று நடத்துகிறது. அது என்ன?

இந்தக் கேள்வியோடு கொஞ்ச காலம் பலகையை விட்டுவிட்டு, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை காட்டி செய்யப் போனேன். பிஸ்கட் டின், பிளந்த டிவிடியின் ஒரு துண்டு, இரண்டு சவர பிளேடுகளை நெருக்கி ஒட்டிய பிளவு, அவ்வளவுதான். சிடியைவிட டிவிடி நல்லது. அதன் தடங்கள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக இருப்பதால் நிறங்கள் நன்றாக விரிகின்றன. சமையல் உப்பைச் சுடரில் காட்டினால் 589 நானோமீட்டரில் சோடியத்தின் மஞ்சள் கோடு. கேரம் பலகைக்குப் போடும் போரிக் பவுடரை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் கரைத்து, வாசல் சிமெண்டில் வைத்துக் கொளுத்தினால் போரானின் பச்சைச் சுடர், பார்க்க அவ்வளவு அழகு. மூட்டை கிழிந்து சிந்திய காப்பர் சல்பேட்டில் ஒரு சிட்டிகை, மேனேஜரிடம் சொல்லிவிட்டு எடுத்து வந்தது, நீலம் கலந்த பச்சை. பொட்டாசியம் மட்டும் மானத்தை வாங்குகிறது. உரத்தில் கலந்திருக்கும் துளி சோடியமே போதும், அந்த இளம் ஊதாவை மஞ்சள் விழுங்கிவிடுகிறது. ஸ்டோரில் இருக்கும் பழைய குழல் விளக்கில் பாதரசத்தின் 546 பச்சைக் கோடு கத்தி போல் தெரிந்தது.

ஒவ்வொரு தனிமத்துக்கும் தனிக் கோடு என்பதை 1860 வாக்கில் புன்செனும் கிர்க்காஃபும் காட்டினார்கள். சீசியமும் ருபிடியமும் அப்படித்தான் அகப்பட்டன, காலியம்கூட இரண்டு ஊதாக் கோடுகளாகத்தான் முதலில் தெரிந்தது. கோடு ஏன் வருகிறது என்று சொல்ல அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஜே.ஜே. தாம்சன் 1897-இல் எலக்ட்ரானைக் கண்டார். பரவிக் கிடக்கும் நேர் மின்னேற்றத்துக்குள் எலக்ட்ரான்கள் பதிந்திருக்கின்றன என்பது அவர் சொன்ன மாதிரி. அதை உடைத்தது மான்செஸ்டரில் கைகரும் மார்ஸ்டனும் 1909-இல் செய்த சோதனை. நேர் மின்னேற்றம் கொண்ட ஆல்ஃபா துகள்களை உலோகத் தகட்டின் மேல் விட்டால் ஏறக்குறைய 8,000-இல் ஒன்று திரும்பி வந்தது. 1911-இல் ரூதர்ஃபோர்டு, நேர் மின்னேற்றம் முழுக்க நடுவில் ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது என்றார். இதைக் காட்ட மறைத்த பொருளின் மேல் கோலி உருட்டும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. எனக்கு அதில் திருப்தி இல்லை. அங்கே நடப்பது முட்டல் இல்லை, தொடாமலே தள்ளுவது. அதனால் பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை அட்டைக்கு அடியில் ஒளித்து, நூலில் ஒரு சின்னக் காந்தத்தை ஒத்த முனை கீழே இருக்கும்படி கட்டி ஆடவிட்டோம். தள்ளி விட்டால் நேராகப் போகிறது, கிட்டப் போனால் வளைகிறது, நேர் மேலே குறி வைத்தால் சில சமயம் திரும்பி வருகிறது. பிள்ளை இதைப் பள்ளிக் கண்காட்சிக்குக் கேட்டிருக்கிறாள்.

ரூதர்ஃபோர்டின் அணுவில் சுற்றும் எலக்ட்ரான் ஆற்றலை இழந்து நடுவில் விழுந்துவிட வேண்டும். 1913-இல் நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளர், சில நிலைகளில் மட்டும்தான் அது இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவும்போதுதான் ஒளி வரும் என்றார். ஹைட்ரஜனின் கோடுகள் கணக்குக்கு அச்சாக வந்தன. மற்ற அணுக்களில் தடுமாறியது. எலக்ட்ரானை வட்டப் பாதையில் சுற்றவிடும் படம் இன்னும் பாடப் புத்தகத்தில் இருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 1926-இல் சுரோடிங்கர் சமன்பாடு வந்ததுமே அந்தப் பாதைகளுக்கு வேலை போய்விட்டது.

இப்போது ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி. என்னைக் கேட்டால் மெண்டலீவுக்குப் பக்கத்தில் படம் மாட்ட வேண்டிய ஆள். 1913-14-இல் தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்து, அதிர்வெண்ணின் வர்க்கமூலம் தனிமத்துக்குத் தனிமம் சீராக ஏறுகிறது என்று காட்டினார். எக்ஸ் கதிர் வீட்டில் ஆகாது. ஆனால் இன்றைய அளவுகள் அட்டவணைகளில் கிடைக்கின்றன. அதிர்வெண்ணோடு சேர்ந்தே ஏறும் ஆற்றலைக் கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் எடுத்து கால்குலேட்டரில் வர்க்கமூலம் தட்டினோம். இரும்பு 6.40, வர்க்கமூலம் 2.53. கோபால்ட் 6.93, 2.63. நிக்கல் 7.48, 2.73. தாமிரம் 8.05, 2.84. ஒவ்வொரு படியும் ஏறக்குறைய 0.10. கோபால்ட்டைவிட நிக்கல் எடை குறைவு, ஆனாலும் படியில் அதற்கு மேலே நிற்கிறது.

அடுத்து கால்சியம் 3.69, டைட்டானியம் 4.51. வர்க்கமூலம் 1.92, 2.12. வித்தியாசம் 0.20. இரண்டு படி, நடுவில் ஒரு காலி. துத்தநாகம் 8.64, ஆர்சனிக் 10.54. வர்க்கமூலம் 2.94, 3.25. வித்தியாசம் 0.31. மூன்று படி, இரண்டு காலி. ஆக்சைடு வாய்பாட்டைப் பார்த்து நாங்கள் காலியாக விட்ட அதே ஆணிகள்! பிள்ளை கால்குலேட்டரைப் பிடுங்கித் தானே மறுபடி போட்டுப் பார்த்தாள். டெல்லூரியமும் அயோடினும் குணப்படிதான் நிற்கின்றன, எடைப்படி இல்லை. ஒவ்வொரு படிக்கும் அணுக்கருவின் மின்னேற்றம் ஒன்று கூடுகிறது, அதுதான் அணு எண். அன்று 43, 61, 72, 75 ஆகிய இடங்கள் காலி என்றும் மோஸ்லியின் வழியிலேயே தெரிந்தது. 1915 ஆகஸ்டில் கலிப்பொலிப் போரில் குண்டடிபட்டு இறந்தார். வயது 27.

பிறகு எல்லா அட்டையிலும் சிவப்பு மையில் அணு எண் எழுதினோம். வரிசைகளின் நீளம் 2, 8, 8, 18, 18, 32 என்று ஏன் போகிறது என்பதற்கு 1925-இல் பௌலி சொன்ன விதி வேண்டும்: ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது. ஆர்கான், நியான் குடும்பத்துக்கு வலது ஓரத்தில் ஒரு பத்தி சேர்த்தாயிற்று.

மிச்சம் இருப்பது அருமண் தனிமங்கள். இது எங்கள் பக்கத்துச் சரக்கு. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில், அதாவது ஈயச் சுரங்கங்களில், வெள்ளீயத் தாதைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சும் கனமான மணலை அமாங் என்பார்கள். அதில் மோனசைட்டில் சீரியமும் லாந்தனமும், செனோடைமில் இட்ரியமும் இருக்கின்றன, சிர்கானும் உண்டு. மோனசைட்டில் தோரியமும் சேர்ந்திருப்பதால் அந்த மணலை வீட்டுக்குள் கொண்டுவரப் போவதில்லை, அட்டை போதும். 72-ஆம் கட்டத்துத் தனிமம் அருமண் இல்லை, சிர்கோனியத்தின் உறவு என்று நீல்ஸ் போரின் கணக்கு சொன்னது. கோஸ்டரும் ஹெவெசியும் கோபன்ஹேகனில் சிர்கோனியத் தாதுக்களிலேயே தேடி, 1923-இல் ஹாஃப்னியத்தை அறிவித்தார்கள்.

அருமண் வரிசையை நியாயமாக வைத்தால் பலகை 32 பத்தி அகலம் வேண்டும். சுவர் இடம் கொடுக்காது, ஐஸ்பெட்டி இடிக்கும். எல்லாரையும் போலக் கீழே தனிப் பட்டையாகத் தொங்கவிடலாம், ஆனால் அது ஏதோ ஒட்டுப்போட்டது போல் இருக்கும் என்று பிள்ளைக்கு மனசில்லை. ஹார்ட்வேர் கடையில் இரண்டு கீல் வாங்கியிருக்கிறேன். நடுவில் அறுத்து, கதவு போல் விரியும்படி செய்யலாம் என்று யோசனை. அறுப்பதற்கு முன் ஆணிகளின் அளவைச் சரிபார்க்க வேண்டும்.