ஜெல்லி கார்

நேற்று ராத்திரி தூக்கம் வராமல் பழைய கார் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபோர்டு சியராவில் மாட்டிக்கொண்டேன்.

பிரிட்டனில் ஃபோர்டின் கார்ட்டினா என்றால் நடுத்தரக் குடும்பத்துக் கார். எழுபதுகளில் அங்கே விற்பனையில் ராஜா. பெட்டிமேல் பெட்டி வைத்த மாதிரி சதுரமாக இருக்கும். 1982-இல் அதை நிறுத்திவிட்டு, மூலையெல்லாம் வழித்துவிட்ட மாதிரி வழவழவென்று சியராவை இறக்கினார்கள். காற்றைக் கிழித்துப் போகட்டும் என்றுதான் அந்த வடிவம். டிக்கியும் தனியாகக் கிடையாது, பின்கண்ணாடியோடு சேர்ந்து திறக்கும் கதவு. ஜனங்கள் மிரண்டுவிட்டார்கள். ஜெல்லி ஊற்றும் அச்சு என்று பட்டப்பெயரே வைத்தார்கள்!

வேடிக்கை என்னவென்றால் மேலேதான் புதுசு. அடியில் கார்ட்டினா காலத்துப் பின்சக்கர ஓட்டம்தான். எதிரில் நின்ற வாக்ஸ்ஹால் கவாலியர் 1981-லேயே முன்சக்கரத்துக்கு மாறியிருந்தது.

பக்கக்காற்று அடித்தால் வண்டி அலைபாய்கிறது என்றும் புகார். அதற்குச் செய்த வைத்தியம்தான் எனக்குப் பிடித்தது: பின்பக்க ஜன்னல் ரப்பரின் ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு. அவ்வளவே.

1986-இல் டர்போவும் முதுகில் பெரிய இறக்கையுமாக காஸ்வொர்த் என்ற என்ஜின் கம்பெனியின் கைவண்ணத்தில் காஸ்வொர்த் சியரா வந்தது. கேலி செய்த வாயெல்லாம் மூடிக்கொண்டது. மறுவருஷமே டிக்கி வைத்த சியராவாக சஃபையரும் வந்தது, பழைய ஆட்களைச் சமாதானப்படுத்த.

1993-இல் ஃபோர்டின் அடுத்த காரான மான்டியோ வந்து சியராவின் இடத்தைப் பிடித்தது. நல்ல வண்டிதான். ஆனால் அதற்கு யாரும் பட்டப்பெயர் வைத்து நான் கேள்விப்படவில்லை.