பெஞ்சை விட்டு எழுந்திருக்காதீர்கள்: ஒரு சுகர் டெஸ்ட்டுக்கு மூன்று பயணம்

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் சுமார் 20 கிலோமீட்டர். வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு அந்த வளைவுகளில் ஒரே ஒரு சுகர் டெஸ்ட்டுக்காக மூன்று முறை போய் வந்தேன். முதல் இரண்டும் வீண். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

முதல் பயணத்தைக் கெடுத்தது "வெறும் வயிறு" என்ற பேச்சு. சீட்டு போடுகிற இடத்தில் முன்கூட்டியே விசாரித்தபோது, ராத்திரிக்கு அப்புறம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்லியிருந்தார்கள். முதல் பஸ், காலி வயிறு, குளிர். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். குடித்த பத்தாவது நிமிடம் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் டெஸ்ட் செல்லாது, இன்னொரு நாள்தான் வர வேண்டும். திரும்பும்போது அத்தை என் கையை விடவே இல்லை.

விஷயத்தைக் கேட்டதும் எங்கள் கிராம நர்சம்மா தலையில் கை வைத்துவிட்டார். நம் ஊரில் கர்ப்பிணிகளுக்குச் செய்யும் இந்த டெஸ்ட்டுக்குப் பட்டினியே தேவையில்லையாம். சாப்பிட்டுவிட்டே வரலாம். குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு தடவை ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. தூரத்திலிருந்து வருகிற பெண்களை அலையவிடக் கூடாது என்றுதான் சென்னை டாக்டர் வி. சேஷய்யா போன்றவர்கள் இந்த முறைக்காக அவ்வளவு வாதாடினார்கள்.

இரண்டாவது முறை இட்லி சாப்பிட்டுப் போனேன். குளுக்கோஸில் கொஞ்சம் எலுமிச்சை பிழிந்து தந்தார்கள், வயிற்றில் தங்கியது. "ரெண்டு மணி நேரம் இங்க உக்காந்து என்ன பண்ணப் போறீங்க, கடைகண்ணி பாத்துட்டு வாங்க" என்றார் அங்கே இருந்தவர். நம்பிப் போனோம். மேடு ஏறி மார்க்கெட், அங்கிருந்து இறங்கி மறுபடி மேடு. திரும்பும்போது எனக்கு மூச்சு வாங்கியது. ரிசல்ட் 131, நார்மல் என்றார்கள்.

நர்சம்மா சீட்டைப் பார்த்துவிட்டு, "நடுவுல எங்கயாவது நடந்தியாம்மா?" என்றுதான் கேட்டார். நடக்கும்போது தசைகள் இன்சுலின் உதவி இல்லாமலேயே ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மேடு ஏறினால் சொல்லவே வேண்டாம். கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கிற ஹார்மோன்கள், பிள்ளைக்குச் சர்க்கரை தட்டாமல் போய்ச் சேரட்டும் என்று தாயின் இன்சுலினை மட்டுப்படுத்தி வைக்கும். அதை ஈடுகட்டக் கணையம் இரண்டு மூன்று மடங்கு சுரந்தாக வேண்டும். என் கணையத்துக்கு அது முடிகிறதா என்று பார்ப்பதற்குத்தான் டெஸ்ட். விடையை என் கால்கள் மறைத்துவிட்டன.

மூன்றாவது முறை சால்வையைப் போர்த்திக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்தேன். குளுக்கோஸ் குடித்து முடித்த நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரம் ஆனதுமே "வாம்மா, எடுத்துடலாம்" என்று கூப்பிட்டார்கள். சீட்டைக் காட்டினேன். முகம் சுளித்தார்கள், ஆனால் காத்திருந்தார்கள். நீங்களும் நேரத்தை எழுதி வாங்கிவிடுங்கள், வாய்ப்பேச்சு உதவாது.

154.

அழுகை வந்தது, ஆனால் பயத்தைவிட ஆறுதல்தான் அதிகம். தாயின் சர்க்கரை பிள்ளைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதனால் பிள்ளையின் கணையம் தானே அதிகமாகச் சுரக்கப் பழகிவிடும். தொப்புள்கொடியை அறுத்ததும் சர்க்கரை வரத்து நின்றுபோகும், சுரப்பு உடனே நிற்காது. பிள்ளைக்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும். அந்த 131-ஐ நம்பியிருந்தால் இதைக் கவனிக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. உருளைக்கிழங்கைக் குறைத்தேன், சோற்றை அளந்து போட்டேன், பீன்ஸைக் கூட்டினேன், சாப்பிட்டதும் நடந்தேன். இரண்டு வாரத்தில் சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு 112. 120-க்குள் இருந்தால் போதும், மருந்து வேண்டியிருக்கவில்லை. பாப்பா பிறந்ததும் குதிகாலில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தார்கள். 61, நல்ல அளவு. அந்தத் துளியூண்டு பஞ்சை இன்னும் வைத்திருக்கிறேன்.

பிரசவமாகி ஆறு வாரத்தில் தாய்க்கு மறுபடி பார்க்க வேண்டும், விட்டுவிடாதீர்கள். எனக்கு அடுத்த வாரம். இந்தத் தடவை வெறும் வயிறு உண்மையிலேயே வேண்டும். அதனால் முந்தின ராத்திரியே கொடைக்கானலில் சித்தி வீட்டில் தங்கிவிடப் போகிறோம். எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தாயிற்று.