அக்காவா, அத்தையா

ஜனவரி 7, 2024, ஞாயிறு

தங்கச்சி வீட்டுக்குக் கனடா போயிருந்தபோது அம்மா எச்சில் கொடுத்துவிட்டு வந்தாரே, அந்த டிஎன்ஏ சோதனை முடிவு வந்துவிட்டது. எனக்கு அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, கிடையாது. செத்துப்போனார் என்ற கணக்கில் இல்லை, யாரென்றே தெரியாது. அம்மா பிறந்தது 1953, சத்தியமங்கலம் பக்கம். அம்மாவைப் பெற்ற அம்மாயி சாகிற வரைக்கும் அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் இனிஷியல் அவருடைய தாய்மாமன் பேரிலிருந்து வந்தது என்பதே, நான் பாஸ்போர்ட் எடுக்கப் பழைய சான்றிதழ்களைப் புரட்டியபோதுதான் எனக்குத் தெரிந்தது.

தேடட்டுமா என்று கேட்டேன். அவரைக்காய் நறுக்கிக்கொண்டே, "சரி, பாரு" என்றார். அவ்வளவுதான்.

ஜனவரி 16, பட்டிப் பொங்கல்

மாமன் தோட்டத்துக்குப் போனோம். மாட்டுக்குப் பொங்கல் கொடுத்து முடிந்ததும், தொண்டுப்பட்டி ஓரம் கட்டிலில் உட்கார்ந்திருந்த சின்ன அம்மாயியிடம் மெதுவாகப் பேச்சைப் போட்டேன். தொண்ணூறை நெருங்குகிறது, காது மந்தம், ஆனால் இந்தக் கேள்வி மட்டும் ஒரே தடவையில் கேட்டுவிட்டது.

"அணை கட்டறப்ப வந்த ஆளு கண்ணு. கையில எப்பவும் கொடை இருக்கும். வேலை முடிஞ்சுது, அல்லாரும் போனாங்க, அவரும் போனாரு. இதுக்கு மேல என்னையக் கேக்காத."

அணை என்றால் பவானிசாகர். 1948-ல் ஆரம்பித்து 1955 வரை நடந்த வேலை. எட்டு கிலோமீட்டருக்கு மேல் நீளும் கரை, பெரும்பகுதி மண். அதோடு இருநூறு கிலோமீட்டர் வாய்க்கால் வேறு வெட்டியாக வேண்டும். எங்கெங்கிருந்தோ வந்து குடிசை போட்டுத் தங்கியவர்கள் எத்தனையோ பேர். அதில் குடை வைத்திருந்த ஒருத்தரை நான் தேடணும்.

பிப்ரவரி 1, வியாழன்

காலையில் ஓர் அலுவலகம், பேர் வேண்டாம். அந்தக் காலத்தில் கிராமத்தில் பிறப்பு இறப்பை எழுதி வைத்தவர் மணியக்காரர். அந்த ஏடுகளில் அம்மா பிறந்த வருஷத்தைத் தேடச் சொன்னால், மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டு "பதிவு இல்லை" என்று சொல்லி அனுப்பினார்கள். பதிவு இல்லை என்பதற்கு ஒரு சான்று கொடுப்பார்களாம், அதற்கும் மனு எழுதணுமாம்.

மத்தியானம் அம்மா படித்த பள்ளிக்கூடம். சேர்க்கைப் பதிவேட்டைத் தலைமையாசிரியரே பீரோவிலிருந்து எடுத்துத் தந்தார். பிறந்த தேதி ஜூன் 1. அது நம் ஊரில் பாதிப் பேருக்கு வாத்தியார் போட்டுக்கொடுத்த பிறந்தநாள், அதை நம்புவதற்கில்லை. பக்கத்துக் கட்டத்தில் அம்மாவின் தாய்மாமன் பேர், உறவுமுறை "தகப்பன்". அப்புறம் அதை அடித்துவிட்டு மேலே "பாதுகாவலர்" என்று எழுதியிருக்கிறது. அடித்த இடத்தில் பேனா அழுந்தி, தாள் கிழிந்து, அடுத்த பக்கத்திலும் மையின் கோடு தெரிகிறது. "தகப்பன்னு எழுதாதீங்க" என்று அங்கேயே யாரோ சொல்லியிருக்கணும். மாமனா, அம்மாயியா? நான் அம்மாயி என்றுதான் நினைக்கிறேன்.

போட்டோ எடுத்து வந்து காட்டினேன். அம்மா பெரிதாக்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

மார்ச் 10, ஞாயிறு

அமெரிக்காவில் இருக்கும் அம்மாவின் மாமன் மகன் நான் கேட்டதற்காகச் சோதனை செய்துகொண்டார். இதுதான் இந்த வேலையில் உருப்படியான வழி. டிஎன்ஏ ஒத்துப்போகிறவர்களைச் சோதனைக்காரர்கள் பட்டியல் போட்டுத் தருவார்கள். அதில் அம்மாவோடும் அவரோடும் ஒத்துப்போகிறவர்கள் அம்மாயி வழி. அவரோடு ஒட்டாமல் அம்மாவோடு மட்டும் ஒட்டுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம். இரண்டு பேருக்குப் பொதுவான டிஎன்ஏவைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். முப்பது நாற்பது சென்டிமார்கன் ஒத்துப்போகிறவர்களைக் கணக்கில் எடுக்கக் கூடாது, தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கொண்டு கொடுத்த நமக்கு அப்படி ஊரே சொந்தமாகத் தெரியும்.

அதையெல்லாம் கழித்த பிறகு, மேலே ஒரே ஒரு பெண். கனடாவில் படிக்கிறவள். 431 சென்டிமார்கன். சொந்தத்தில் கட்டியதால் மட்டும் வந்துவிடுகிற எண் இல்லை இது. மூன்று தடவை எழுதி அழித்து, கடைசியில் நாலே வரியில் விஷயத்தைச் சொல்லிச் செய்தி அனுப்பினேன்.

மார்ச் 24, ஞாயிறு

பதில் வந்துவிட்டது! பொள்ளாச்சிக் குடும்பம். அவளுடைய அம்மாயி இருக்கிறார், 78 வயது. அந்த அம்மாயியின் அப்பா கீழ்பவானி வேலையில், அதாவது அதே பவானிசாகர் அணைத் திட்டத்தில், ஓவர்சீயர். நான் எழுந்து நின்றுவிட்டேன். அடுத்த வரியைப் படித்ததும் திரும்ப உட்கார்ந்தேன். அம்மாயியின் மூத்த அண்ணனும் அப்போது அவரோடு அங்கேயே மேஸ்திரியாக இருந்தாராம், இருபத்தைந்து வயசு இருக்குமாம். இரண்டு பேரும் இப்போது இல்லை.

ஆக, குடைக்காரர் அப்பாவா மகனா? அப்பா என்றால் பொள்ளாச்சி அம்மாயி என் அம்மாவுக்கு அக்கா. மகன் என்றால் அத்தை. இரண்டு வழியில் போட்டுப் பார்த்தாலும் அந்தப் பெண்ணுக்கு 431 பொருந்துகிறது. அந்த அம்மாயியே சோதனை செய்தாலும் மொத்த எண் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். பிரித்துச் சொல்லக்கூடியது எக்ஸ் குரோமோசோம். அப்பனிடம் இருப்பது ஒரே எக்ஸ், அதைப் பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படியே கொடுப்பான். அதனால் ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பெண்களுக்கு அது தலையிலிருந்து கால்வரை ஒத்துப்போகும். அத்தை என்றால் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் ஒட்டும். அவர் ஆகஸ்டில் பேத்தியைப் பார்க்கக் கனடா போகிறாராம், மனசிருந்தால் அங்கே கொடுக்கட்டும். வற்புறுத்தக் கூடாது என்று எழுதிவிட்டேன். நாம் தேடுவது நம் அப்புச்சியை, ஆனால் அவர்களுக்கு அது அப்பாவோ அண்ணனோ.

அம்மாவிடம் எல்லாம் சொன்னேன். "அக்காளா அத்தையான்னு தெரியாம எப்படிக் கூப்பிடறது?" என்றார். அந்த ஒரு கேள்விதான் கேட்டார்.

ஏப்ரல் 14, சித்திரை 1

காலையில் பொள்ளாச்சியிலிருந்தே போன் வந்தது. பேத்தி சொல்லிவிட்டாள் போலிருக்கிறது. ஸ்பீக்கரில் போட்டுக் கொடுத்தேன்.

"ஏனுங்க, கனி பாத்தாச்சுங்களா?"

"பாத்தாச்சுங்க. நீங்க?"

அப்புறம் முழங்கால் வலி, தேங்காய் விலை, கிணற்றில் தண்ணீர் இல்லாதது. இருபது நிமிஷம் பேசினார்கள். ஒருத்தரும் முறை வைத்துக் கூப்பிடவில்லை, எல்லாவற்றுக்கும் "ங்க"தான். அணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வைக்கப்போகும்போது மட்டும் அந்தப் பக்கம், "ஒருக்கா வந்துட்டுப் போங்க" என்றது.

அம்மா போனை என்னிடம் நீட்டினார். "பொள்ளாச்சிக்கு நேர் பஸ் இருக்குதா, இல்ல கோயமுத்தூர்ல எறங்கி மாறோணுமா?"