தறி நின்றால்தான் கேட்கும்

சோமனூர்ப் பக்கம் பிறந்தவர்களுக்குத் தறிச் சத்தம் ஒரு சத்தமே அல்ல. அது நின்றால்தான் என்ன ஆயிற்று என்று வெளியே வந்து எட்டிப் பார்ப்போம். எங்கள் வீட்டுக்கும் தறிக்குடோனுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். ஆறு தறிகள். கூலிக்கு நெய்கிறவர்கள் நாங்கள். பாவும் நூலும் வந்து இறங்கும், துணியாகத் திரும்பிப் போகும். மகனை மூன்றாம் மாதம் மாமனார் வீட்டிலிருந்து கூட்டி வந்து, அந்தச் சுவரோரம் தூரி கட்டிப் படுக்க வைத்தோம். அசையாமல் தூங்கினான். "தறிக்காரன் பிள்ளை, தங்கமாகத் தூங்குகிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் அம்மா பெருமையாகச் சொன்னார்.

பிறந்த இரண்டாம் நாளே மருத்துவமனையில் காதைச் சோதித்திருந்தார்கள். ஓ.ஏ.இ. என்று பெயர். சின்ன ரப்பர் முனையைக் காதில் வைத்து மெல்லிய ஒலியை உள்ளே அனுப்பினால், நன்றாக இருக்கும் உட்காது அதற்கு ஓர் எதிரொலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடித்துவிடும். எங்கள் சீட்டில் இரண்டு காதுக்கும் 'ரெஃபர்', அதாவது தேறவில்லை, என்று இருந்தது. பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் ஈரமும் பிசுக்கும் இருப்பதால் நல்ல காதுக்கும் அப்படி வருவதுண்டு. அதனாலேயே சில வாரங்களில் மறுபடி பார்க்க வேண்டும். சீட்டைக் கொடுத்தவர் முதல் பாதியை மட்டும் சொன்னார். அதைத் தடுப்பூசி அட்டைக்குப் பின்னால் செருகிவைத்து மறந்தது நாங்கள்.

நாலரை மாதத்தில் ஒரு நாள், பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கே மின்சாரத்தை நிறுத்தினார்கள். ஊரே ஓய்ந்து கிடந்தது. காக்கை கரைவது கேட்டது. பாயில் கிடந்த மகனுக்குப் பின்னால் உட்கார்ந்து என் மனைவி "சாமி" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினாள். விரலைச் சப்பிக்கொண்டே கிடந்தான். அம்மா விடவில்லை, ஓர் எவர்சில்வர் தட்டைக் கொண்டுவந்து தரையில் போட்டார். பையன் தூக்கிவாரிப் போட்டு வீரிட்டான். "பாம்புச் செவி இவனுக்கு" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பெரிய சத்தம் கேட்கிறது என்பதால் பேச்சும் கேட்கும் என்று ஆகிவிடாது. இது தெரியாமல் எத்தனை வீட்டில் தட்டைப் போட்டுப் பார்த்து ஆறுதல் அடைந்திருப்பார்களோ! அன்று இரவு அவள் தேடி எடுத்தது அந்தப் பழைய சீட்டை.

கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறவிக் குறைபாடும் வளர்ச்சித் தாமதமும் உள்ள குழந்தைகளுக்கென்றே மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கிறது. 2013-இல் மத்திய அரசு கொண்டுவந்த குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களில் ஏற்படுத்தப்படும் மையங்களில் ஒன்று. வரிசை, சீட்டு, மறுபடி வரிசை. அதை எழுதி என்ன ஆகப் போகிறது. மஞ்சள் காமாலை கடுமையாக வந்ததா, எடை எவ்வளவு, குறைமாதமா என்று கேட்டுக்கொண்டே வந்த மருத்துவர், சொந்தத்தில் கல்யாணமா என்றார். மாமன் மகள் என்றேன். இரு பக்கமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேர்ந்துவிட அதில் வாய்ப்பு கூடுதல், ஆனால் இதுதான் காரணம் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் நிதானமாகவே சொன்னார். ஊர் திரும்பிய பஸ்ஸில் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்து 'பெரா' சோதனை. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர்களை ஒட்டி, ஒலி போகும்போது மூளைத் தண்டுவரை நரம்பில் எழும் அலைகளைக் கணினியில் பார்ப்பது. குழந்தை தூங்கியாக வேண்டும். முதல் முறை அவன் தூங்கவே இல்லை. அந்த அறையில் தறி ஓடவில்லை என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. இரண்டாம் முறை காலையிலிருந்து தூங்கவிடாமல் கூட்டிப் போனோம். வயிறு நிறையப் பால் கொடுத்தாள். நான் மடியில் போட்டு, தறியில் நாடா போய் வருகிற தாளத்தில் தொடையை ஆட்டி முதுகில் தட்டினேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான்.

காது கேட்கும் திறனைச் சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட் அம்மணி திரையைக் காட்டினார். ஐந்தாவது அலை என்று ஒன்று உண்டு. ஒலியைக் குறைத்துக்கொண்டே போனால் அந்த மேடு எந்த அளவில் மறைகிறது என்பதுதான் கணக்கு. நல்ல காதுக்கு 20, 30 டெசிபலிலும் அது தெரியும். இவனுக்கு வலது காதில் 55-லும் இடது காதில் 60-லும் நின்றுவிட்டது. காதில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்த்தார்கள், இல்லை. மிதமான குறை, கேட்புக் கருவியே போதும் என்றார்கள். தீவிரமாக இருந்திருந்தால், உட்காதுக்குள் கருவி பொருத்தும் காக்ளியர் அறுவைச் சிகிச்சை. ஆறு வயதுக்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவி என்பது பல நாடுகளிலும் சொல்லும் கெடு. எங்கள் மகன் காதில் கருவி ஏறியபோது வயது ஏழு மாதம்.

அதன் பிறகுதான் உண்மையான வேலை. காது வளர வளர, கருவியைக் காதில் பொருத்தும் அச்சு தளர்ந்துபோகும். ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒருமுறை புது அச்சு எடுக்க வேண்டும். தளர்ந்தாலும், கழற்றிக் கையில் பொத்தினாலும் கருவி 'கீச்' என்று கத்தும். பேட்டரி பொட்டு அளவுதான்; விழுங்கினால் ஆபத்து என்பதால் மூடியில் பூட்டு உண்டு. ஸ்டிக்கரைப் பிரித்ததும் மாட்டக்கூடாது, கொஞ்ச நேரம் காற்றுப் பட வேண்டும். காலையில் கருவி மாட்டியதும் அவனுக்குப் பின்னால் இருந்து ஆறு ஒலிகள்: ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ். பேச்சில் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது வரை எல்லாம் இதற்குள் அடக்கம். 'ஸ்'ஸுக்கு அவன் கண் நிமிர்ந்து பார்க்க இரண்டு மாதம் பிடித்தது.

"குளிப்பாட்டினாலும் சோறு ஊட்டினாலும் பேசிக்கொண்டே செய்யுங்கள், பக்கத்தில் இருந்து பேசுங்கள்" என்றார் பயிற்சி கொடுத்தவர். கூடவே, கருவி பேச்சை மட்டும் பெரிதாக்காது, தறியையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும் என்றார். எனவே காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆறு தறிகளையும் நிறுத்துகிறேன். கூலி குறைகிறது. முதல் வாரம் முணுமுணுத்த அம்மா, இப்போது அந்த நேரத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்தபடி ஒவ்வொரு தோலுக்கும் ஒரு கதை சொல்கிறார்.

நான் கத்திக் கத்திப் பேசுவதைப் பார்த்த அம்மணி ஒரு நாள் என் காதையும் சோதித்தார். சோதனை வரைபடத்தில், உயர்ந்த ஒலியான 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் இறங்கியிருந்தது. இருபது வருடத் தறி. பஞ்சு அடைத்தால் போதாது, காதை மூடும் கவசம் போடுங்கள் என்றார். வாங்கியிருக்கிறேன், போடுகிறேன் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன்.

போன வாரம், இடுப்பில் உட்கார்ந்திருந்தவன் தறிக்குடோன் வாசலில் வலது காதுக் கருவியைப் பிடுங்கி வீசிவிட்டான். தறிக்கு அடியில் கழிவு நூல் குவியல். ஆறையும் நிறுத்திவிட்டுக் குனிந்து துழாவினேன்.

"அதோ கத்துகிறதே, கேட்கவில்லையா?" என்றாள் மனைவி, வாசலில் இருந்தே.

எனக்குக் கேட்கவில்லை. அவள் கை காட்டிய இடத்தில் நூலை விலக்கினேன். அங்கேதான் கிடந்தது.