தோல் பத்திரத்தில் டிஎன்ஏ: மாதிரி எடுப்பதிலிருந்து வரிசை படிப்பது வரை

பழைய ரப்பர் தோட்டக் கம்பெனிகளின் பத்திரங்களில் சில, இங்கிலாந்து வக்கீல் ஆபிஸில் தோலில் எழுதப்பட்டவை. மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அப்படி ஒரு கட்டு கிடைத்தது. ஒரு பழைய கிராணி (தோட்டக் குமாஸ்தா) வீட்டு டிரங்குப் பெட்டியில் இருந்த அது, பிறகு கோயில் ஸ்டோருக்கு வந்திருந்தது. அதிலிருந்து டிஎன்ஏ எடுத்த முறையை, இதே போன்ற கட்டு கையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறோம்.

முதலில், என்ன கேள்விக்கு விடை தேடுகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். "இது எந்த மிருகத் தோல்?" என்பது மட்டும்தான் கேள்வி என்றால் டிஎன்ஏ தேவையில்லை. 16 முதல் 20ஆம் நூற்றாண்டு வரையிலான 477 பிரிட்டிஷ் பத்திரங்களிலிருந்து 645 மாதிரிகள் எடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2021இல் வெளியானது. கிட்டத்தட்ட எல்லாமே செம்மறித் தோல். செம்மறித் தோலின் அடுக்குகளுக்கு நடுவே கொழுப்பு அதிகம். எழுத்தைச் சுரண்டி மாற்றப் பார்த்தால் மேலடுக்கு உரிந்து, மோசடி வெளியே தெரிந்துவிடும். எங்கள் கட்டிலும் ஒரு மூலையில் அந்த உரிசலைப் பார்க்கலாம்: மெல்லிய வெள்ளைச் செதில் எழும்பி நிற்க, அடியில் நார் நாராகத் தெரியும்.

இனத்தை உறுதி செய்யப் புரதச் சோதனை போதும். டிரிப்சின் என்ற நொதியைப் போட்டு, தோலின் முக்கியப் புரதமான கொலாஜனைத் துண்டாக்கி, துண்டுகளின் நிறையை அளக்கும் மால்டி கருவியில் பார்த்தால் மாட்டுக்கு 2853, ஆட்டு வகைக்கு 2883 என்ற நிறையில் உச்சி வரும். வெள்ளாட்டை 3093 காட்டிக்கொடுக்கும். செலவும் குறைவு. ஆடு கிடாவா பெட்டையா, எந்த வட்டாரத்து மந்தை, தோலில் என்ன கிருமி குடியிருக்கிறது என்ற கேள்விகளுக்குத்தான் டிஎன்ஏ வேண்டும்.

வெட்டத் தேவையில்லை. யார்க் பல்கலைக்கழகத்தார் பிரபலப்படுத்திய அழிப்பான் முறைதான் நாங்களும் பின்பற்றியது. பிவிசி அழிப்பானால் (பென்சில் எழுத்தை அழிக்கும் பிளாஸ்டிக் ரப்பர்) தோலைத் தேய்த்தால் உராய்வில் மின்னேற்றம் உண்டாகி, மேல்பரப்பில் உள்ள புரதமும் டிஎன்ஏவும் துகளில் ஒட்டிக்கொண்டு வரும். ஆயிரம் ஆண்டுப் பழமையான யார்க் நற்செய்தி நூலை இப்படித்தான் ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள்.

நம் ஊர் ஈரப்பதம்தான் இங்கே எதிரி. காற்று ஈரமாக இருந்தால் மின்னேற்றம் நிற்காது, துகளில் ஒன்றும் ஒட்டாது. ஏர்கான் அறையில் ஈரப்பதத்தை 50, 55 சதவீதத்துக்குக் கொண்டுவந்து வேலை செய்யுங்கள். ஆனால் ஈரமான ஸ்டோரிலிருந்து எடுத்த பத்திரத்தை நேராக அந்த அறையில் பிரித்து வைத்தால் அப்பளம் மாதிரி நெளிந்து சுருண்டுவிடும். பெட்டியோடு உள்ளே வைத்து, ஒரு நாள் கழித்துத் திறக்க வேண்டும். பூஞ்சை தெரிந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். நனைந்த தோலில் சூடு பட்டால் கொலாஜன் பசையாகிவிடும்.

தேய்க்கும் இடம் எழுத்தில்லாத ஓரம். மை, அரக்கு முத்திரை, மடிப்புக் கோடு மூன்றையும் விட்டு விலகியிருக்க வேண்டும். நைட்ரைல் கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, புது அழிப்பானிலிருந்து வெட்டிய துண்டால் ஒரே திசையில், அழுத்தாமல் தேய்க்க வேண்டும். சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக வரும் துகளை 1.5 மில்லி டியூபில் தட்டிவிட்டு, ஒவ்வொரு பத்திரத்துக்கும் கையுறையையும் அழிப்பானையும் மாற்ற வேண்டும்.

கூடவே வெற்று மாதிரி கட்டாயம்: எதிலும் தேய்க்காத அழிப்பான் துகள் ஒரு டியூப், பத்திரம் இருந்த அலமாரியைத் தேய்த்த துகள் ஒரு டியூப். எங்கள் ஸ்டோரில் அதே அலமாரியில்தான் உறுமியும் தப்பும் இருந்தன. இரண்டும் தோல் கட்டிய கருவிகள், அடிக்க அடிக்கத் தூசு உதிரும். பத்திரத்தில் வெள்ளாட்டு டிஎன்ஏ தலைகாட்டினால், அது பத்திரத்துடையதா மேளத்துடையதா என்பதை இந்த அலமாரி டியூப் இல்லாமல் சொல்லவே முடியாது. மட்டன் சாப்பிட்ட கையும் அப்படித்தான். டியூப்களை சிலிக்கா ஜெல்லோடு மூடி, மைனஸ் 20 டிகிரியில் வைக்க வேண்டும். துகளில் பாதியை எப்போதும் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரித்தெடுக்கும் வேலையை, பிசிஆர் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் வேலை) நடக்காத தனி லேப்பில் செய்ய வேண்டும். கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈடிடிஏ 0.45 மோலார் கரைசல் 1 மில்லி, அதில் புரதத்தைக் கரைக்கும் நொதியான புரோட்டினேஸ் கே 0.25 மில்லிகிராம், 37 டிகிரியில் ஓர் இரவு சுழலவிடுவது. தோல் பதப்படுத்தும்போது சுண்ணாம்பில் ஊறியது என்பதால் கால்சியம் அதிகம், ஈடிடிஏயின் அளவைக் குறைக்காதீர்கள். அந்தச் சுண்ணாம்புதான் நமக்கு உதவியும்: அமிலம் சேராததால் டிஎன்ஏ ஓரளவு பிழைத்திருக்கிறது. பட்டைச் சாறு போட்டுப் பதனிட்ட செருப்புத் தோலில் இவ்வளவு எதிர்பார்க்க முடியாது. பிறகு டிஎன்ஏவைச் சிலிக்காவில் ஒட்டவைக்கும் குவானிடின் கலந்த பைண்டிங் கரைசல், சிலிக்கா வடிகுழாய் (column), கடைசியில் 50 மைக்ரோலிட்டரில் இறக்குவது. சாதாரண கிட் 100 டிஎன்ஏ எழுத்துக்குக் (ஏ, சி, ஜி, டி) குறைந்த துண்டுகளில் பெரும்பகுதியைக் கழுவி வெளியே தள்ளிவிடும். நமக்கு வேண்டியதே அந்தக் குட்டித் துண்டுகள்தான்.

லைப்ரரி கட்டும்போது, அதாவது துண்டுகளை வரிசை படிக்கும் கருவிக்குத் தயார் செய்யும்போது, இரண்டு முனையிலும் இன்டெக்ஸ் (மாதிரியின் அடையாளக் குறி) போடுங்கள், இல்லையென்றால் ஒரே ஓட்டத்தில் போன மற்றவர் மாதிரி உங்களுடையதில் கலந்து தெரியும். முதலில் சில மில்லியன் ரீட் (கருவி படித்துத் தரும் துண்டு) மட்டும் ஓட்டிப் பாருங்கள். நம் ஊரில் இருந்த தோலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் பெரும்பங்கைத் தின்றுவிடும். அதைப் பார்த்த பிறகு பெரிய ஓட்டத்துக்குப் பணம் போடலாம்.

ஒப்பிடும்போது செம்மறி, வெள்ளாடு, மாடு, மனிதன் நான்கு ஜீனோமையும் (முழு டிஎன்ஏ வரிசை) சேர்த்து ஒரே நேரத்தில் போட்டியாக வைக்க வேண்டும். செம்மறியும் வெள்ளாடும் நெருங்கிய உறவு என்பதால், செம்மறியோடு மட்டும் ஒப்பிட்டால் வெள்ளாடும் செம்மறியாகவே தெரியும். 30 எழுத்துக்குக் குறைந்தவையும், மேப்பிங் தரம் (ரீட் சரியான இடத்தில்தான் பொருந்தியது என்ற நம்பிக்கை அளவு) 30க்குக் கீழானவையும் வேண்டாம். துண்டின் முனைகளில் சி (C) எழுத்து டி (T) ஆக மாறியிருப்பது பழமையின் அடையாளம்தான். ஆனால் நூறு, நூற்றைம்பது வருடத் தோலில் அது குறைவாகவே இருக்கும், அதனால் மட்டும் மாதிரியைச் சந்தேகிக்க வேண்டாம்.

கிடாவா பெட்டையா என்பதற்குச் சில ஆயிரம் ரீட் போதும்: எக்ஸ் குரோமோசோமில் விழுவது மற்றவற்றில் பாதி அடர்த்தி என்றால் கிடா. மந்தையின் வட்டாரம் அவ்வளவு லேசில் கிடைக்காது. 2015இல் வெளியான ஆய்வில் 17, 18ஆம் நூற்றாண்டுத் தோல்கள் இரண்டில் ஒன்று வட பிரிட்டன் ஆடுகளோடும், மற்றொன்று நடு, தென் பகுதி ஆடுகளோடும் நெருங்கியது. அந்த ஒப்பீட்டுக்கு இன்றைய இனங்களின் தரவு கையில் இருக்க வேண்டும், செம்மறி ரீட்களும் இன்னும் அதிகம் வேண்டும். அது கிடைக்கும்வரை பத்திரத்தை உறுமி இருக்கும் அலமாரியிலிருந்து நகர்த்தி, அமிலமில்லாத காகிதத்தில் தட்டையாக வைத்திருங்கள்.